கைசன் போர்டு: ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் எது நிற்கிறது, எது உதிர்கிறது

தொழிற்சாலையில் ஆட்கள் தங்கள் தொல்லைகளையும் யோசனைகளையும் கார்டில் எழுதி மாட்டும் பலகைதான் கைசன் போர்டு (கைசன் என்றால் ஜப்பானிய மொழியில் மேம்பாடு). அதை மாட்டிய முதல் மூன்று மாதம் எங்கும் நன்றாகவே ஓடும். கருவி வைக்க இடமில்லை, வழியில் தள்ளுவண்டி நிற்கிறது, லேபிளைப் படிக்க முடியவில்லை என்பது போன்ற சுலபமான தொல்லைகள் அப்போதே தீர்ந்துவிடும். ஆறாம் மாதத்துக்கு மேல் கார்டு வரத்து குறையும். ஆட்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்று நிர்வாகம் முடிவு கட்டும். பெரும்பாலும் அது தவறு. போட்ட கார்டுக்குப் பதில் வராததால்தான் எழுதுவதை நிறுத்தியிருப்பார்கள்.

அதனால் கார்டு எண்ணிக்கையை விட, பதில் போக எத்தனை நாள் ஆகிறது என்பதைக் கணக்கில் வையுங்கள். அடுத்த ஷிப்ட் முடிவதற்குள் சூப்பர்வைசர் நேரில் போய்ப் பேச வேண்டும். ஒரு வாரத்துக்குள் ஒரே மெஷினிலாவது சோதனை தொடங்க வேண்டும். முடியாதென்றால் காரணத்தைக் கார்டிலேயே எழுதிவிடலாம். ஒரு குழுவுக்கு ஒரு நேரத்தில் மூன்று கார்டு திறந்திருந்தால் போதும். பத்தைத் திறந்தால் பத்தும் மெயின்டனன்ஸ் வரிசையில் போய்த் தேங்கும்.

கார்டில் நான்கு வரி: இப்போது நடப்பது (எண்ணோடு), நடக்க வேண்டியது, காரணம் என்று நினைப்பது, எதை மாற்றி எந்தத் தேதியில் அளப்பது. மூன்றாவது வரியில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். கவனம் சிதறினாலும் தவறான பாகம் பொருந்தாதபடி ஜிக்கை (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) மாற்ற முடியுமா என்று யோசிப்பதுதான் வேலை.

அளப்பதில் நடக்கும் பிழை இன்னும் பெரிது. செட்டிங் டைம் (மெஷினை அடுத்த வேலைக்குத் தயார்ப்படுத்தும் நேரம்) சராசரி 42 நிமிடம், அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசம் சராசரி 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தை 2.66-ஆல் (கட்டுப்பாட்டு வரைபடத்தில் இதற்கென வைத்த மாறாத எண்) பெருக்கினால் 13.3. அதை 42-லிருந்து கழித்தும் 42-உடன் கூட்டியும் பாருங்கள். ஆக 28.7 முதல் 55.3 வரை வருவதெல்லாம் வழக்கமான ஏற்ற இறக்கம். 38 வந்த அன்று பாராட்டுவதும் 50 வந்த அன்று விளக்கம் கேட்பதும் ஒரே தவறின் இரு முகங்கள். வரைபடத்தில் சராசரியைக் காட்டும் நடுக்கோட்டுக்குக் கீழே தொடர்ந்து 8 புள்ளி விழுந்தால் மாற்றம் வந்திருக்கிறது என்று நம்பலாம். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஷூஹார்ட் 1924-ல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வகுத்ததே இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டத்தான். இன்றும் பல கூட்டங்களில் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் வைத்தே சண்டை நடக்கிறது.

சோதனை ஜெயித்த அன்றே செயல்முறைத் தாள் திருத்தப்பட்டு, பழைய தாள் மெஷினிலிருந்து இறங்க வேண்டும். தாளை ஒட்டினால் மட்டும் பழக்கம் மாறாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் உருவான நான்கு படிப் பயிற்சி இன்றும் சலிக்காமல் உதவுகிறது: ஆளைத் தயார்ப்படுத்துவது, செய்து காட்டுவது, செய்ய விட்டுப் பார்ப்பது, பிறகும் தொடர்ந்து கவனிப்பது. ஒவ்வொரு படிக்கும் முக்கியக் குறிப்பையும் அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாதவர் அவசரத்தில் முதலில் விடுவது அந்தக் குறிப்பைத்தான்.

யோசனையால் மிச்சமான தொகையில் இத்தனை சதவீதம் பரிசு என்ற திட்டம் வேண்டாம். யோசனை யாருடையது என்ற தகராறு வரும், சின்ன யோசனைகள் வரவே வராது. மிச்சமான நேரத்தால் ஒருவர் வேலை இழந்தாலோ, அத்தோடு போர்டு காலி.

இத்தனையும் சூப்பர்வைசரின் நேரத்தில்தான் நிற்கிறது. தினமும் 30 நிமிடம் அவருடைய அட்டவணையில் இதற்கென்றே இருக்க வேண்டும். தனி மேம்பாட்டுப் பிரிவு கற்றுக்கொடுக்கலாம், கார்டுகளைத் தானே முடித்துத் தரக்கூடாது. அந்தப் பிரிவை ஒரு மாதம் முழுக்க விலக்கி வைத்து, எத்தனை கார்டு மூடப்படுகிறது என்று பாருங்கள்.