நாய்க்கு இருமலா? சுங்கை சிப்புட் டவுன் கிளினிக்கே போதும்

நாய் இருமினால் உடனே காரை எடுத்துக்கொண்டு ஈப்போ நகரத்துக்கு ஓடாதீர்கள், நம் சுங்கை சிப்புட் டவுனில் இருக்கும் சின்ன கால்நடை கிளினிக்குக்கு முதலில் போங்கள். தீபாவளிக்கு நாங்கள் வெளியூர் போனபோது எங்கள் நாய் ராக்கியை ஒரு நாய் விடுதியில் விட்டிருந்தோம் (பெயர் வேண்டாம், தடுப்பூசி அட்டையைக்கூட அவர்கள் கேட்கவில்லை). வந்த வாரமே வறட்டு இருமல், இருமி முடித்ததும் ஓங்கரித்து வெள்ளை நுரை. கோழி எலும்பு சிக்கிக்கொண்டது என்று அம்மா அடித்துச் சொன்னார்.

டாக்டர் சீனப் பெண்மணி, மலாயில் நிதானமாகப் பேசுவார், புரியாததை அங்கே வேலை செய்யும் தம்பி தமிழில் சொல்லிவிடுவார். வாயைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், காய்ச்சல் பார்த்தார், கொசுவால் பரவும் இதயப்புழுவும் இருமலைத் தரும் என்பதால் ரத்தமும் எடுத்தார். அதெல்லாம் சரியாக இருந்த பிறகுதான் கென்னல் காஃப், அதாவது நாய்க்கு நாய் தொற்றும் இருமல் என்றார். போர்டெட்டெல்லா பாக்டீரியா, பாராஇன்ஃப்ளூயன்சா வைரஸ் போன்றவை தனியாகவோ கூட்டாகவோ செய்கிற வேலை. தொற்றி 2 முதல் 14 நாளுக்குள் இருமல் தொடங்கும், பெரும்பாலும் 3 வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதனால் ஆன்டிபயாடிக் தரவில்லை, எனக்கு இந்த டாக்டரைப் பிடித்துப்போனதே இதனால்தான். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சுப் பட்டை போடுங்கள், சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் பக்கத்தில் வேண்டாம், பனடால் (பாரசிட்டமால்), மனிதர்களுக்கான இருமல் மருந்து எதையும் ஊற்றாதீர்கள் என்றார். சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மூக்கில் மஞ்சளாகச் சளி வந்தாலோ காத்திருக்கக் கூடாது, நிமோனியாவாக இருக்கலாம். குட்டிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

தனியாக வையுங்கள் என்றார் பாருங்கள், அதுதான் பெரிய பாடு. எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) நாய்களுக்கு ஏது வேலி, எல்லாம் மளிகைக்கடை வாசலில்தான் கூடும். இருமல் நின்ற பிறகும் சில வாரங்கள் கிருமி வெளிவரலாம் என்பதால் ராக்கியைப் பின்கட்டிலேயே கட்டி, தண்ணீர்ச் சட்டியையும் தனியாக வைத்தோம். பக்கத்து வீட்டு அக்காவின் கறுப்பன் தப்பித்தது.

குறை என்றால், சனிக்கிழமை கூட்டம் தாங்காது, டோக்கனும் கிடையாது. எக்ஸ்ரே எடுக்க ஈப்போதான். இந்த இருமலுக்கு மூக்கில் விடும் தடுப்பு மருந்து எப்போதும் கைவசம் இருக்காது, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். அது நோயை முழுக்கத் தடுக்காவிட்டாலும் கடுமையைக் குறைக்கும், ஆனால் விடுதிக்குக் கிளம்பும் அன்று விட்டால் பயனில்லை, ஒரு வாரம் முன்பே விட்டுவிடுங்கள்.