வெள்ளவத்தையில் ஒரு குடற்கறிக் கடை

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், ஒரு பழைய வீட்டின் முன்விறாந்தையில் நான்கு மேசைகளைப் போட்டு நடத்தப்படும் இந்தச் சாப்பாட்டுக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வார நாள்களில் அது சோறும் மீன்குழம்பும் விற்கும் சாதாரண இடந்தான். ஞாயிறு மதியத்தில் மட்டும் அங்கே ஆட்டுக்குடற்கறியும் இரத்த வறையும் கிடைக்கின்றன. கொழும்பில் இவ்விரண்டையும் ஒரே இடத்தில் ஒழுங்காகச் சமைத்துத் தரும் வேறு கடை எதுவும் என் கண்ணில் படவில்லை.

நான் இவற்றை அளக்கும் அளவுகோல் சற்று விசித்திரமானது. இங்கிலாந்தின் வடக்கே, மான்செஸ்டருக்கு அண்மையிலுள்ள பெரி நகரத்தில் சில காலம் வேலை செய்தவன் நான். அந்த நகரத்துச் சந்தையில் சுடச்சுட அவித்து, நீளவாக்கில் பிளந்து, கடுகு விழுது தடவித் தரப்படும் பிளாக் புடிங் என்ற பன்றி இரத்தப் பண்டமும், உப்பும் வினாகிரியும் மட்டும் சேர்த்து ஆறிய நிலையிலேயே உண்ணப்படும் மாட்டுக்குடலும் எனக்கு அங்கேதான் பழகிப்போயின. மாட்டிறைச்சி படியேறாத குடும்பத்தில் பிறந்தவன் இதை எழுதுவது எங்கள் வீட்டாரின் கண்ணில் படாதிருப்பது நல்லது.

பெரியும் சேர்ந்திருந்த லங்காஷயர் பகுதியின் பருத்தி ஆலை ஊர்களில் முன்னர் பெண்களும் ஆலைக்குப் போனார்கள். அடுப்படியில் மணிக்கணக்காக நிற்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. கழுவி, வெளுத்து, அவித்து விற்கப்பட்ட குடல் மலிவாகவும் உடனே உண்ணத்தக்கதாகவும் இருந்தமையால் அது அந்த மக்களின் அன்றாட உணவாயிற்று. 1920இல் அங்குள்ள குடல் வியாபாரிகள் பலர் ஒன்றுசேர்ந்து யுனைற்றட் கற்றில் புறொடக்ற்ஸ் என்ற நிறுவனத்தை அமைத்தார்கள். அதன் கடைகளும் உணவகங்களும் வட இங்கிலாந்து நகரங்களில் பரவியிருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறைச்சி பங்கீட்டுக்கு உட்பட்டபோதும் குடல், ஈரல் போன்றவை பங்கீட்டில் சேர்க்கப்படவில்லை. பின்னர் கையில் காசு புழங்கத் தொடங்கியதும் மக்கள் அதைக் கைவிட்டார்கள். இன்று அதைத் தேடி உண்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களே. மசாலையே இல்லாமல் உண்ணப்படும் அந்தக் குடலில் கழுவியவரின் சோம்பல் ஒரு வாயிலேயே தெரிந்துவிடும். ஆகவே குடற்கறி எங்கே வைத்தாலும் குழம்பை ஒதுக்கிவிட்டு முதலில் துண்டைப் பார்ப்பது என் வழக்கம்.

இந்தக் கடையின் துண்டுகள் அந்தச் சோதனையில் தேறுகின்றன. தேன்கூடு போன்ற பகுதியின் குழிகளுக்குள்ளும், ஏடு ஏடாக மடிந்த பகுதியின் இடுக்குகளிலும் கருமை சிறிதும் இல்லை. கொதிநீரில் அமிழ்த்திச் சுரண்டியபின் மஞ்சள், உப்பு, தேசிக்காய்ப்புளி இட்டுப் பலமுறை கழுவுவதாகக் கடைக்கார அம்மா சொன்னார். குழம்பில் சேர்க்குமுன் அவித்த துண்டுகள் சிலவற்றைத் தென்னங்கள் வினாகிரியோடு தரமுடியுமா என்று கேட்டேன். “சும்மா அவிச்சதை ஆர் தம்பி தின்னுறது?” என்று சிரித்தாலும், ஒரு சிறு கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். மாட்டுக்குடலின் தடிப்பு இல்லாவிட்டாலும் வாடை என்பது மருந்துக்கும் இல்லை. பெரியில் வைத்தாலும் குறை சொல்ல மாட்டார்கள்.

குழம்பைப் பற்றித்தான் எனக்கு மனத்தாங்கல் உண்டு. யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் பெருஞ்சீரகமும் அளவாகவே மணக்கின்றன; ஆனால் உறைப்பு மிகையாக இருப்பதோடு தலைப்பாலும் தாராளமாக விடப்படுவதால், அவ்வளவு பாடுபட்டுக் கழுவிய குடலின் சுவை அடியில் போய்விடுகிறது. வட இங்கிலாந்தில் குடலை வெங்காயத்தோடு பசுப்பாலில் மெல்லக் காய்ச்சி, வெண்மிளகு தூவி உண்பார்கள். நமது பாற்கறி அதற்கு அவ்வளவு தூரமில்லை. இவ்வளவு சுத்தமான குடலை வைத்திருப்பவர் ஒரு ஞாயிறாவது அதைப் பாற்கறியாக வைத்துப் பார்க்கலாம்.

இரத்த வறையே இங்கு முதன்மையானது. கொழும்பின் ஆட்டிறைச்சிக் கடைகளிற் பெரும்பாலானவற்றை முஸ்லிம்களே நடத்துவதாலும், இரத்தம் அவர்களுக்கு விலக்கப்பட்டதாலும், அது இங்கே விலைக்கு வருவதில்லை. ஊரில் பங்குக்கு ஆடு அடிக்கும் இடங்களிலேதான் கிடைக்கும். வவுனியாவிலுள்ள உறவினர்கள் சனிக்கிழமையே அவித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, இரவு பஸ்ஸில் அனுப்புவதாகச் சொன்னார்கள். அதை உதிர்த்து, வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு தாச்சியில் வதக்கி, இறக்குந்தறுவாயில் தேங்காய்ப்பூவும் மிளகுதூளும் சேர்க்கிறார்கள். தேங்காய்ப்பூவின் ஓரங்கள் இலேசாகப் பொன்னிறமாகும்வரை அடுப்பில் வைத்திருப்பதில்தான் அந்த அம்மாவின் கைப்பக்குவம் இருக்கிறது.

பெரியின் பிளாக் புடிங் பன்றி இரத்தத்தில் பார்லியும் ஓட்ஸும் கொழுப்புத் துண்டுகளும் சேர்த்துக் குடலில் அடைத்து அவிக்கப்படுவது. புதினா இனத்தைச் சேர்ந்த பென்னிரோயல் என்ற இலையைச் சேர்ப்பது பழைய வழக்கம். அந்தக் கொழுப்பும் தானியமும் தரும் மென்மை வறைக்கு இல்லை. ஆயினும் இன்று பிரித்தானியாவில் விற்கப்படும் பிளாக் புடிங்கில் பெரும்பகுதி இறக்குமதி செய்த உலர் இரத்தத் தூளிலேயே தயாராகிறது; இங்கு உதிர்க்கப்படும் புது இரத்தத்தின் ஆழ்ந்த சுவையை அதில் எதிர்பார்க்க முடியாது. பெரிக்கு அருகிலுள்ள ராம்ஸ்பொட்டம் என்ற ஊரில் செப்ரெம்பர் மாதத்தில் நடக்கும் போட்டியில், 20 அடி உயரத்தில் அடுக்கிய யோர்க்ஷயர் புடிங் என்ற மாப்பண்டங்களை விழுத்துவதற்காகப் பிளாக் புடிங்கை எறிவார்கள். சாப்பாட்டை எறியும் விளையாட்டு எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. இந்த வறையை எறிய யாருக்கும் மனம் வராது என்பதையும் சொல்லவேண்டும். தனியே உண்டால் சற்று வறண்டிருக்கும், உப்பும் ஒரு கல் கூடத்தான். புட்டோடு பிசைந்தால் இரண்டு குறையும் தீர்ந்துவிடும். சோற்றோடு அவ்வளவு எடுபடாது.

மாட்டுக்குடல்தான் வேண்டும் என்பவர்கள் கொம்பனித்தெருப் பக்கம் மலாய்ச் சமையலில் வரும் பாபத் கறியைத் தேடிப்போவது நல்லது. அது வேறு கை, வேறு மணம்.

புட்டும் குடற்கறியும் 1,200 ரூபாய், வறை தனியாக 600 ரூபாய். மேசைக்குக் காத்திருக்க நேரிடும். பரிமாறுபவர் ஒருவரே என்பதால் தண்ணீரைக் கூட இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும். ஒரு மணிக்குப் பின் போனால் வறை முடிந்திருக்கும். பார்சல் எடுப்பவர்கள் கறியை மட்டும் எடுக்கட்டும். வறை தாளுக்குள் புழுங்கி, வீடு போய்ச் சேருமுன் ஈரம் விட்டுவிடும்.