கழலாத காலர்: மூன்று வாடைக்குப் பிறகு காயிலோவர்

காயிலோவர் செட் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டாம்பர் தொகுதி) விலை இறங்கியிருக்கிறது, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் ஓடும் வண்டிக்குப் போடலாமா என்று கேட்ட நண்பருக்கான பதில் இது. மூன்று வாடைக் காலம் இதைப் போட்டு ஓட்டிய என் வண்டி டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம். செட் நடுத்தர ரகம்: துத்தநாகம் பூசிய இரும்பு பாடி, அதன் மரையில் திருகி உயரத்தை மாற்றும் வளையமாக, அனோடைஸ் செய்த அலுமினிய காலர். ஸ்பிரிங் ரேட், கிளிக் எண்ணிக்கை எல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். பேச வேண்டியது அந்தக் காலரைப் பற்றித்தான்.

அதற்கு முன் நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சரியாக அமைத்தால் ஓட்டம் பிரமாதம். பாம்பன் பாலத்து இணைப்புகளில் சக்கரம் ஒரே ஒரு முறை ‘தட்’ என்று விழுந்து அடங்குகிறது. கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போதும் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டாம்பரின் குமிழை முழுக்க இறுக்கிவிட்டு அங்கிருந்து பின்னோக்கிக் கிளிக் எண்ணுங்கள். தளர்ந்த முனையிலிருந்து எண்ணினால் இடமும் வலமும் ஒத்துப்போகாமல் போகலாம். இறக்கம் 25 மி.மீ. போதும். 40 வரை போனால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் சக்கர முனை மேலே ஏறி, வண்டி சாயும் மையமான ரோல் சென்டர் ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடும். வளைவில் சாய்க்கும் விசை கூடும், டாம்பரும் சீக்கிரமே பம்ப் ஸ்டாப் என்ற முட்டுக் கட்டையில் போய் இடிக்கும். தோற்றத்துக்காக இறக்குகிறவர்கள் இதைக் காதில் வாங்குவதில்லை. ஆர்ம் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும் நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், நாளடைவில் கிழியும்.

இப்போது காலர். ஒரு சுற்றுக்கு எத்தனை மி.மீ. என்பது மரையின் பிட்சை (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளியை) பொறுத்தது, 2 மி.மீ. பிட்ச் என்றால் ஐந்து சுற்றுக்கு 10. தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்றுக்கு ஏற்ப மாறும். ஹப் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து பாருங்கள். படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரை நாலைந்து தடவை போய்வந்த பிறகு அந்தக் காலரைத் திருப்பிப் பாருங்கள், தெரியும். இருபுறமும் கடல், தார் மேல் மணல். இடது சக்கரங்கள் மணல் ஒதுங்கிய ஓரத்தில் ஓடுவதால் இடது முன் காலர்தான் முதலில் பிடிக்கும்.

காரணம் எளிது. துத்தநாகப் பூச்சு போன பிறகு இரும்பும் அலுமினியமும் ஒட்டி நிற்க, இடையில் உப்பு ஈரம் இருந்தால் அலுமினியம்தான் கரையும். கரைந்தது வெள்ளைப் பொடியாகி, பழைய உலோகத்தைவிட அதிக இடம் பிடித்து மரைக்குள் ஆப்பு வைத்ததுபோல் இறுகும். அனோடைஸ் பூச்சு இதைத் தடுக்கும், ஸ்பானர் பட்டுக் கீறும் வரை. விசைப்படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவதும் இதே கணக்கில்தான். அங்கே கரைவதற்கென்றே ஒன்றை வைக்கிறார்கள், இங்கே காலரே கரைகிறது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி உலோகத் துண்டுகளின் அரிப்பைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

கழுவினால் சரியாகிவிடுமே என்பார்கள். எந்தத் தண்ணீரில்? சர்வீஸ் ஸ்டேஷன் போர்வெல்லில் வருவதே உப்புத் தண்ணி என்றால், பிரஷரில் அடித்து உப்பை மரைக்குள் ஏற்றுகிறோம். நல்ல தண்ணியைக் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் ஊரில் காருக்கு ஊற்ற மனசு வராதுதான். வயலுக்கு மருந்தடிக்கும் கைப்பம்பைப் புதிதாக ஒன்று வாங்கி, வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்துக்கு இரண்டு லிட்டர் போதும். கடற்கரை போய்வந்த அன்றே அடிக்க வேண்டும், மறுநாள் என்று தள்ளக்கூடாது.

பிடித்துவிட்ட காலரைக் கழற்ற: ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தொங்கவிட்டு ஸ்பிரிங் பாரத்தைக் குறையுங்கள். காலரில் குட்டி அலன் ஸ்க்ரூ இருந்தால் முதலில் அதைத் தளர்த்துங்கள், இதை மறந்துதான் பாதிப் பேர் மரையைக் கெடுக்கிறார்கள். சுடுதண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்து, காலர் போக வேண்டிய பக்கத்து மரையை நைலான் பிரஷால் சுத்தம் செய்து, ஊடுருவும் எண்ணெய் அடித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் இரண்டு சி-ஸ்பானர் போட்டு முதலில் லாக் ரிங், பிறகு காலர். கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். உளி வைத்து அடித்தால் அலுமினியக் காது மழுங்கும். கேஸ் டார்ச்சால் சூடாக்குவது அறவே வேண்டாம், உள்ளே அழுத்த வாயுவும் எண்ணெயும் இருக்கின்றன.

திரும்பப் பூட்டும்போது காப்பர் பேஸ்ட் தடவச் சொல்வார்கள். உப்புக் காற்றில் அது அலுமினியத்தின் அரிப்பைத் தூண்டும். லானோலின் கிரீஸை மரைக்குள் மட்டும் தடவி, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். விட்டால் மணல் ஒட்டி மரையைத் தேய்க்கும் உப்புக் காகிதமாகிவிடும். நியோப்ரீன் உறை மணலைத் தடுக்கும், ஆனால் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றிக் காயவைக்கப் பொறுமை இருந்தால் போடுங்கள். பின்பக்க அட்ஜஸ்டர் கிண்ணம் மாதிரி மணலைச் சேர்த்துவைக்கும், அதையும் தட்டிவிடுங்கள். உயரத்தை எப்போது மாற்றினாலும் டோ, அதாவது சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் கோணம், மாறும், அலைன்மென்ட் செலவு தனி.

ஆகவே, விலை எவ்வளவு இறங்கினாலும் இந்த ரகம் வேண்டாம். உயரம் மாற்றியே தீர வேண்டுமென்றால் கேடபிள்யூ நிறுவனத்தின் இனாக்ஸ் வரிசைபோல ஸ்டெயின்லெஸ் பாடியும் பிளாஸ்டிக் கலவைக் காலரும் உள்ளதற்குக் காசு சேருங்கள். இல்லையென்றால் நல்ல டாம்பரும் 25 மி.மீ. லோயரிங் ஸ்பிரிங்கும் போதும். துருப்பிடிக்க மரையே இருக்காது.

என் வண்டியில் இருக்கும் செட்டை மட்டும் விலைக்குக் கேட்காதீர்கள். கொடுப்பதாக இல்லை.