சர்வர் ரூம் காலி: ஷேர்பாயின்ட் ஆன்லைனுக்கு மாறி இரண்டு வருஷம்

கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நானும் ஒரு தம்பியும்தான் மொத்தப் பிரிவே. ஒன்பது வருஷம், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் என் கைப்பையில் வீட்டுக்குப் போகும். காலையில் வேறொன்று கம்பெனிக்குத் திரும்பி வரும். தீ, வெள்ளம், திருட்டு என்று ஏதாவது நடந்தால் கம்பெனியின் ஆவணங்களுக்கு அதுதான் கதி. என் பையன் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் அந்த டிஸ்க்கை எடுத்துச் சினிமா ஏற்றப் பார்த்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த ஆவணங்கள் இருந்தது 2014-ல் போட்ட ஷேர்பாயின்ட் சர்வர் 2013-ல். கம்பெனியின் கோப்புகளை ஒரே இடத்தில் வைத்து எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் அது. தர நடைமுறைகள், ஃபவுண்டரி ரிப்போர்ட், கொள்முதல் ஒப்புதல், லீவு விண்ணப்பம் எல்லாம் அதில்தான். ஸ்டோர்ஸை ஒட்டிய சின்ன ஏசி ரூமில் இருந்தது. 2023 ஏப்ரல் 11-ஓடு அந்தப் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிகிறது, அதற்கப்புறம் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்றதும்தான் கிளவுடுக்குப் போகலாம் என்று முதலாளியிடம் பேசினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நம்ம டிராயிங் எல்லாம் அமெரிக்காவுக்குப் போயிருமாம்மா?" போகாதுங்க என்றேன். 2015-லிருந்தே இந்தியாவில் அவர்களுக்குத் தரவு மையங்கள் உண்டு. இந்தியக் கணக்குகளின் கோப்புகள் சென்னை, மும்பை, புணே மையங்களில்தான் இருக்கும். எழுத்தில் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

இது அதன் கிளவுட் வடிவமான ஷேர்பாயின்ட் ஆன்லைனைப் பற்றியும், கோப்புகளை அங்கே நகர்த்துவதற்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தரும் ஷேர்பாயின்ட் மைக்ரேஷன் டூலைப் பற்றியும் என் மதிப்பீடு. இரண்டு வருஷம் தினமும் புழங்கின பிறகு எழுதுகிறேன். எங்களை மாதிரி ஐம்பது, நூறு பேர் உள்ள கம்பெனிகளில் தனியாக இந்த வேலையைச் சுமக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் வேலையை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். பெயர் வேண்டாம். ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் தூக்கி வைத்துவிடுவோம் என்றார்கள். சோதனைக்கு தரப் பிரிவை மட்டும் மாற்றிக் காட்டச் சொன்னேன். மாற்றினார்கள். கோப்புகள் எல்லாம் வந்துவிட்டன, எண்ணிக்கையும் சரி. தரப் பிரிவு அண்ணன் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்: "ஏனுங்க மேடம், இந்த இம்பெல்லர் டிராயிங்கை 2017-ல நான்தானுங்க அப்ரூவ் பண்ணினேன். இதுல வேற யார் பேரோ நிக்குதுங்களே?"

அத்தனை கோப்பிலும் 'கடைசியாக மாற்றியவர்' என்ற இடத்தில் அந்த நிறுவனத்தின் கணக்குப் பெயர். ஒன்பது வருஷத்தில் யார் எழுதினார், யார் திருத்தினார், யார் ஒப்புதல் தந்தார் என்ற தடம் முழுக்க அழிந்திருந்தது. ஐஎஸ்ஓ 9001 தரச் சான்று ஆடிட்டில் முதல் கேள்வியே அதுதான். "அதெல்லாம் அப்படித்தான் மேடம் வரும்" என்றார்கள். அப்படி வராது. அன்றைக்கே அவர்களை நிறுத்திவிட்டு நாங்களே செய்வதென்று முடிவெடுத்தோம்.

டூலில் இதற்கு வழி இருக்கிறது. ஒரு சிஎஸ்வி கோப்பு, அதாவது எக்செல்லில் திறக்கும் எளிய அட்டவணை; மேலிருந்து கீழாக மூன்றே பத்தி. பழைய சர்வரில் என்ன பெயர், புதியதில் என்ன பெயர், அது குழுவா தனி ஆளா. அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று பத்தியை நிரப்ப எனக்குப் பதினொரு நாள் ஆனது. இப்போது வேலையில் இருக்கிறவர்கள் சுலபம். ஒன்பது வருஷத்தில் விட்டுப் போனவர்களைத்தான் தேடித் தேடி எழுதவேண்டியிருந்தது. உரிமம் வாங்காமலேயே அவர்கள் பெயரில் வெறும் கணக்குகளைத் திறந்து, மாற்றம் முடிந்ததும் உள்நுழைவை அடைத்துவிட்டேன். வார்ப்புக்கு மர அச்சு செய்யும் பேட்டர்ன் ஷாப் பெரியவர் 2021-ல் கொரோனாவில் போய்விட்டார். அவர் பெயரையும் எழுதினேன்.

அவரைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். ஷேர்பாயின்ட்டில் ஒரு கோப்பை ஏற்றிவிட்டு வேலை முடிந்தது, மற்றவர்கள் பார்க்கலாம் என்று ஒருமுறைகூட செக்-இன் பண்ணவில்லை என்றால், ஏற்றியவரைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது. இடமாற்றத்திலும் அப்படிப்பட்ட கோப்பு வராது. ஒவ்வொரு லைப்ரரியின் (கோப்புத் தொகுப்பின்) அமைப்புக்குள்ளும் 'செக்-இன் ஆகாத கோப்புகளை நிர்வகி' என்று ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்து பார்க்கவேண்டும் என்று எப்போதோ படித்த ஞாபகத்தில், பேட்டர்ன் ஷாப் லைப்ரரியில் திறந்தேன். 37 கோப்பு. எல்லாம் பெரியவர் பெயரில். உரிமையை என் பெயருக்கு எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்தேன். கோர் பாக்ஸ் (வார்ப்பின் உட்குழிவுக்கு மணல் கரு செய்யும் அச்சு) ஒவ்வொன்றுக்கும் அவர் கைப்பட எழுதி ஸ்கேன் பண்ணி வைத்த குறிப்பு. எந்த மரம், சுருக்கத்துக்கு எவ்வளவு கூட்டணும், எந்த மூலையில் மணல் ஒட்டும், அதற்கு என்ன செய்யணும். ஏற்றியிருக்கிறார், செக்-இன் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவில்லை. நாங்களும் சொல்லித்தரவில்லை. ஃபவுண்டரி மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முப்பத்தேழையும் படித்தார். "இதைத்தான் கண்ணு நாங்க ரெண்டு வருஷமா தடவிக்கிட்டு இருக்கோம்" என்றார். அந்த லைப்ரரியை அவசரத்தில் ஒரே வார இறுதியில் தூக்கியிருந்தால், சர்வரோடு சேர்ந்து அவையும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

அதனால் டூலைப் பற்றி என் முதல் பாராட்டு, 'ஸ்கேன் மட்டும்' என்ற வசதிக்கு. ஒரு கோப்பையும் நகர்த்தாமல் எல்லாவற்றையும் சோதித்து, எது எது தடுக்கும் என்று பட்டியல் தரும். எங்களுக்கு நாலு லட்சம் கோப்பு, 640 ஜிபி. ஸ்கேன் பட்டியலை வைத்துக்கொண்டே ஒன்றரை மாதம் வேலை செய்தோம். நகர்த்தும்போதும் எத்தனை பழைய பதிப்பு வரை கொண்டுபோகணும், எந்தத் தேதிக்குப் பிறகு மாற்றினது மட்டும் போதும் என்றெல்லாம் அதிலேயே சொல்லிவிடலாம். முதல் தடவை முழுசாக நகர்த்திவிட்டு, பிறகு மாறினது மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொள்ளவும் முடியும். பகலில் அனுப்பினால் அந்தப் பக்கம் வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள், ராத்திரியிலும் வார இறுதியிலும் அனுப்புங்கள் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியே செய்தோம். 2022 டிசம்பரில் முழு நகல். 2023 பொங்கல் விடுமுறையில் மிச்சம் மட்டும். பொங்கலன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ராத்திரி பத்து மணிக்குள் முடிந்தது.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஷேர்பாயின்ட் ஆன்லைனில் ஃபோல்டர்கள், கோப்புப் பெயர் எல்லாம் சேர்த்து 400 எழுத்து வரைதான் பாதை இருக்கலாம். நாம் எண்ணும் எழுத்து வேறு, கம்ப்யூட்டர் எண்ணும் எழுத்து வேறு. 'கொள்முதல்' நமக்கு ஐந்து எழுத்து; யூனிகோடில் ஒன்பது. அதே சொல் பிரவுசர் முகவரியில் குறிகளாக விரிந்தால் 81 எழுத்து; ஆனால் 400 எல்லைக்குக் கணக்கு அந்த ஒன்பதுதான். 'கொள்முதல் ஒப்புதல் கோரிக்கைகள்' என்று ஆறு அடுக்கு ஃபோல்டர் போட்டு வைத்த கணக்குப் பிரிவுக்கு இது பெரிய வேலையாகிவிட்டது. தமிழ்ப் பெயரை விடச் சொல்லவில்லை. விடக்கூடாது என்பதுதான் என் கட்சி. மெஷின் ஷாப்பில் பாதிப் பேர் தமிழில் பார்த்தால்தான் சட்டென்று எடுப்பார்கள். அடுக்கைக் குறைத்து, பெயரைச் சுருக்கி, பிரிவையும் ஆண்டையும் ஃபோல்டராக வைக்காமல் தனிப் பத்திகளாக மாற்றினோம். இன்னொரு எல்லையும் உண்டு: எக்செல் திறக்கும் பாதை 218 எழுத்தைத் தாண்டக்கூடாது. கம்ப்யூட்டரில் சிங்க் பண்ணி வைத்த கோப்பு பிரவுசரில் திறக்கும், எக்செல்லில் திறக்காது என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

எக்செல் என்றதும் விலைப்பட்டியல் ஞாபகம் வருகிறது. ஒரு காஸ்டிங் ஷீட் இன்னொரு ஷீட்டிலிருந்து எண் எடுக்கும், அது மூன்றாவதிலிருந்து எடுக்கும், எல்லாம் பழைய சர்வர் முகவரியில். கோப்பு நகர்ந்தாலும் உள்ளே இருக்கும் அந்த முகவரி நகராது. கொள்முதல் பிரிவுத் தங்கச்சியும் நானும் உட்கார்ந்து 58 ஷீட்டையும் கையால் திருத்தினோம். இதற்குக் குறுக்கு வழி எனக்குக் கிடைக்கவில்லை. உலைக்குப் பக்கத்தில் லேமினேட் பண்ணி ஒட்டியிருந்த தாளிலும் பழைய முகவரிதான். அந்தப் பெயரில் ஒரு சின்ன வழிகாட்டிப் பக்கத்தை ஆறு மாதம் வைத்திருந்து, அங்கே வருகிறவர்களைப் புதிய இடத்துக்கு அனுப்பினோம்.

கோரிக்கை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தானாகப் போகும் ஒப்புதல் ஓட்டங்களை (வொர்க்ஃப்ளோ) பழையபடி கொண்டுபோக முடியாது. 2010 வகை வொர்க்ஃப்ளோவை ஷேர்பாயின்ட் ஆன்லைனில் 2020 நவம்பர் 1-லேயே நிறுத்திவிட்டார்கள். 2013 வகைக்கு அவர்கள் குறித்த நாள் 2026 ஏப்ரல் 2. எங்கள் கொள்முதல் ஒப்புதலை மைக்ரோசாஃப்டின் இப்போதைய கருவியான பவர் ஆட்டோமேட்டில் புதிதாகக் கட்டினோம். இப்போது முதலாளி திருப்பூர் போகிற வழியில் போனிலேயே ஒப்புதல் தருகிறார். முன்பு அவர் திரும்பி வரும்வரை பேரிங் ஆர்டர் காத்துக்கிடக்கும்.

இடத்துக்குக் குறைவில்லை. கம்பெனிக்கு அடிப்படையாக 1 டிபி, அதோடு எங்கள் உரிமத்தில் ஆளுக்கு 10 ஜிபி. 62 பேருக்கு ஏறக்குறைய 1.6 டிபி வந்தது.

ஸ்கேனில் வராத ஒன்றைத் தற்செயலாகப் பார்த்தோம். சம்பள ஃபோல்டருக்குக் கீழே ஓர் உள் ஃபோல்டர் கம்பெனியில் எல்லாருக்கும் திறந்து கிடந்தது. வருஷக்கணக்கில் யாருக்கும் அது தெரியாது, ஏனென்றால் பழைய தேடலில் யாரும் எதையும் தேடுவதில்லை. புதிய இடத்தில் தேடல் நன்றாக இருக்கிறது. பெயரைத் தட்டினால் அதுவும் வந்திருக்கும். நகர்த்துவதற்கு முன்பே யாருக்கு எதில் அனுமதி என்று ஒவ்வொரு பிரிவுத் தலைவரோடும் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். பழைய சர்வருக்குக் காம்பவுண்டுச் சுவர் காவல். இதற்குக் கடவுச்சொல்லும் போனில் வரும் இரண்டாவது உறுதிப்படுத்தலும்தான் காவல்.

எல்லாவற்றையும் நகர்த்தவும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த, கம்ப்யூட்டரில் வரையும் கேட் (CAD) டிராயிங்குகளை உள்ளூர் சேமிப்புப் பெட்டியிலேயே விட்டுவிட்டோம். ஓர் அசெம்ப்ளியைத் திறந்தால் நூறு கோப்பு சேர்ந்து திறக்கும். அதை இணையம் வழியாகச் செய்ய டிசைன் பிரிவைக் கட்டாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. இறுதியான டிராயிங்கின் பிடிஎஃப் மட்டும் மேலே போகும். இணையத்துக்கு இரண்டு வேறு கம்பெனிகளின் லைன் போட்டிருக்கிறோம். மாறின மூன்றாவது வாரமே சாக்கடைக்குக் குழி தோண்டினவர்கள் ஒரு ஃபைபரை அறுத்துவிட்டார்கள். இரண்டாவது லைன் இருந்ததால் மெஷின் ஷாப்புக்கு அது தெரியவே இல்லை.

அழித்த கோப்பு 93 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். அது தனி பேக்கப்புக்கு ஈடாகாது; நாங்கள் தனியாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். ஹார்ட் டிஸ்க் என் பையில் வீட்டுக்குப் போவது மட்டும் நின்றுவிட்டது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண்ணைக் குறைப்பது, பட்டியலின் ஒரு பார்வைக்கு (வியூ) 5,000 வரிசை என்ற பழைய எல்லை இங்கேயும் இருப்பதற்கு. பெரிய பட்டியல்களில் எந்தப் பத்தியில் வடிகட்டப்போகிறோம் என்று முன்பே யோசித்து இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளவேண்டும்.

2016, 2019 பதிப்பு சர்வர் வைத்திருக்கிறவர்களுக்கு ஆதரவின் கடைசி நாள் 2026 ஜூலை 14. தள்ளிப்போடாமல் ஸ்கேனை ஓட்டிவிடுங்கள். லைப்ரரி லைப்ரரியாக அந்த செக்-இன் ஆகாத கோப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

ஏசி ரூமை இப்போது ஸ்டோர்ஸ்காரர்கள் சீல், கேஸ்கெட் வைக்க எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது ஒரு ஃபோல்டர்தான். 2014-க்கு முன்னால் பாமினி எழுத்துருவில் அடித்த நடைமுறைத் தாள்கள். திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், அதனால் தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் தம்பியும் நானும் யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கிறோம். இன்னும் 212 பாக்கி.