போட்டுக்குன்னு சொல்லி ஏரோபிளேன் சாமான தலையில கட்டிட்டான் – ஆர்சி டக்போட் வாங்குறவங்க பாத்துக்கிடுங்க

மக்கா, பதிவு கொஞ்சம் நீளம். ஆனா ரிமோட் போட் ஆசையில யாருக்காவது ஜிபே பண்ணப் போறீங்கன்னா படிச்சிட்டு அனுப்புங்க, நான் 14,800 ரூபாய் குடுத்துப் படிச்ச பாடம், நீங்க ஓசிக்கே படிக்கலாம்.

எங்கப்பா தூத்துக்குடி துறைமுகத்துல டக்குல வேல பாத்து ரிட்டயர் ஆனாவ. டக்குன்னா தெரியாதவங்களுக்கு, பெரிய கப்பல தள்ளியும் இழுத்தும் பெர்த்துல கொண்டாந்து சேக்குமே அந்தச் சின்னக் கப்பல். ஆளு குட்டையா இருந்தாலும் சக்தி பயங்கரமா இருக்கும். அப்பாவுக்கு இப்ப முட்டு வலி, பாளையங்கோட்டை வீட்டுல இருந்து வெளிய போறதே கொறஞ்சு போச்சு. அதான் ஒரு டக்கு மாடல் செஞ்சு அவுகள வச்சே ஓட்ட வைக்கலாம்னு ஆச. வ.உ.சி. 1906ல கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச சீமையில உள்ளவன் நான், ஒரு முக்கா மீட்டர் போட்டு விட முடியாதான்னு ஒரு நெனப்புதான்.

வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் 'டக்போட் ஃபுல் காம்போ'ன்னு போட்டிருந்தான். பேரு போடல, குரூப் பேரும் போடல. பைபர் ஹல் (போட்டோட உடம்பு), மெரைன் பிரஷ்லெஸ் மோட்டார், மெரைன் இஎஸ்சி (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற சின்ன போர்டு), பித்தள புரொபெல்லர், கோர்ட் நாசில் (புரொபெல்லரச் சுத்தி வர்ற வளையம்), சுக்கான் திருப்ப சர்வோ, பிஸ்டல் டைப் ரிமோட் (துப்பாக்கி மாதிரி, ட்ரிகர இழுத்தா முன்னால போகணும், தள்ளுனா பின்னால), 3எஸ், அதாவது மூணு செல் லிப்போ பேட்டரி, எல்லாம் சேத்து. முழுப் பணமும் முன்னாலயே வேணும்னான். அங்கனயே சுதாரிச்சிருக்கணும், எம்புத்தி மேயப் போயிருந்துச்சு போல.

பார்சல் வர 24 நாளு. பெட்டியத் தொறந்தா ஹல் பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு, கறுப்பு ஜெல்கோட்டு, செவப்புக் கோடு. உள்ள பெயின்ட் அடிச்சிருந்தான், எதுக்குடா உள்ளயும் பெயின்ட்டுன்னு அப்ப தோணல. மேல கேபின், புகைபோக்கி, டயர் ஃபெண்டர், டெக்குல கயிறு கட்டுற கட்டை எல்லாம் நானும் பயலுமா ரெண்டு மாசம் உக்காந்து செஞ்சோம். ஃபெண்டருக்கு சைக்கிள் டியூப வெட்டி ஒட்டுனோம், அப்பா பக்கத்துல சேர் போட்டு உக்காந்துகிட்டு 'எலே டக்குன்னா முகத்துல டயர் நெறைய இருக்கணும்ல, அதாம் முட்டுத இடம்'னு சொல்லிகிட்டே இருந்தாவ. அந்த ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு, அத ஒத்துக்கிடணும்.

பொறவு வயரிங் பண்ணி வீட்டுப் பின்னால சிமெண்ட் தொட்டியில மெதக்க விட்டோம். சுவிட்ச போட்டா பீப் பீப்னு கத்துது, மோட்டார் சுத்தல. அவனுக்குப் போன் பண்ணேன். 'சார் ட்ரிகர முன்னால முழுசா தள்ளிப் பிடிச்சிட்டு ஆன் பண்ணுங்க'ன்னான். பண்ணேன். பீப் நின்னுச்சு. விரல எடுத்தேன் பாருங்க, மோட்டார் கிர்ருனு சுத்தி போட்டு தொட்டிச் செவத்துல போய் டமார்! ட்ரிகரத் தொடவே இல்ல, கைய எடுத்தா ஓடுது, முன்னால தள்ளிப் பிடிச்சிட்டே இருந்தாதான் நிக்குது. பின்னால போகவே இல்ல.

மறுபடி போன். 'அது செட்டிங் சார், குளத்துல ஓட ஓட சரியாயிரும், டக்போட்டுக்கு ரிவர்ஸ் எதுக்கு சார்'ன்னான். ஸ்பீக்கர்ல கேட்டுகிட்டு இருந்த அப்பா 'ரிவர்ஸ் இல்லாத டக்க என்னலே செய்ய, மால போட்டு நடுவீட்டுல வைக்கவா'ன்னு கத்திட்டாவ. பாதி வேலையே பின்னால இழுக்குறதுதான்னு அவுகளுக்குத் தெரியாதா.

அப்பவாவது நிறுத்தியிருக்கணும். நான் அந்தப் பய பேச்சக் கேட்டு ஞாயித்துக்கெழம நயினார்குளத்துக்குக் கொண்டு போய்ட்டேன். கரையில நாலு பயலுவ தூண்டி போட்டுகிட்டு இருந்தானுவ, ஒருத்தன் விடாம 'அண்ணே மூழ்கிருமாண்ணே'ன்னு கேட்டுகிட்டே இருந்தான், கருநாக்கு. தண்ணியில விட்டேன், ஒரு அம்பது அடி போச்சு, திருப்பணும்னு வீல சுத்தும்போது விரலு ட்ரிகர விட்டு நழுவிருச்சு, அவ்ளோதான், பாதி வேகத்துல நேரா எதிர்த்தாப்ல கரைக்கல்லப் பாத்துப் போகுது, நான் இங்கன நின்னு ரிவர்ஸ் ரிவர்ஸ்னு ட்ரிகர முன்னால தள்ளுதேன், மோட்டார் நிக்குது, ஆனா ரெண்டரை கிலோ சாமான் அந்த வேகத்துல சும்மா நிக்குமா, கல்லுல முட்டி மூக்கு பொளந்து தண்ணி ஏறி, கேபின் மட்டும் வெளிய தெரிய அமலைச்செடிக்குள்ள போய் உக்காந்துருச்சு. அந்தத் தூண்டிப் பயதான் இறங்கி எடுத்துட்டு வந்தான். நூறு ரூபாய் குடுத்தேன், அந்த மொத்தக் கதையில நேர்மையா சம்பாதிச்சவன் அவன் ஒருத்தன்தான்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்னா பிரிச்சேன். இஎஸ்சி மேல 'மெரைன் 30 ஆம்ப்'னு ஸ்டிக்கர். பிளேடால ஸ்டிக்கரக் கிளப்புனா அடியில பழைய ஸ்டிக்கர், ஏரோபிளேனுக்கும் டிரோனுக்கும் போடுற சாதா 30 ஆம்ப் இஎஸ்சி. பிளேனுக்குப் பின்னால போற வேல கெடையாது, அதனால அதுல ரிவர்ஸே இல்ல. பிளேன் ரிமோட்டுல குச்சி அடியில இருந்தா நிக்கும், மேல போகப் போக வேகம். பிஸ்டல் ரிமோட்ல ட்ரிகர் ஸ்பிரிங் போட்டு நடுவுல வந்து நிக்கும்ல, நடுவுன்னா அதுக்கு பாதி வேகம்னு அர்த்தம். கைய எடுத்தா ஓடுனது அதனாலதான். செட்டிங்காம் செட்டிங்கு.

மோட்டார் 2212ங்குற சைசு, 1000 கேவி. கேவின்னா ஒரு வோல்ட்டுக்கு எத்தன சுத்துன்னு கணக்கு, 3எஸ் பேட்டரி 11.1 வோல்ட், ஆக லோடு இல்லாம நிமிசத்துக்கு 11,100 சுத்து. காத்துல பத்து இன்ச் காத்தாடி சுத்துறதுக்கு உள்ளது அது. டக்குக்கு வேண்டியது பெரிய புரொபெல்லர், மெதுவான சுத்து, நல்ல இழுவை. தண்ணிக்குள்ள அந்த மோட்டார்ல பித்தள புரொபெல்லர மாட்டுனா சூடாயி ஒயிண்டிங் நாத்தம் அடிக்கத்தான் செய்யும், எனக்கும் அடிச்சிச்சு. இந்த மோட்டாரும் இஎஸ்சியும் சேத்தே நான் விசாரிச்ச கடையில ஆயிரம் ரூபாய்க்குள்ளதான்.

கோர்ட் நாசில்னு குடுத்தத சுரண்டுனா அடியில சாம்பக்கலர், ரெண்டு இன்ச் பிவிசி பைப்ப நறுக்கி கறுப்பு அடிச்சிருக்கான். ஐஎஸ்ஐ முத்திரை பாதி தெரியுது! நெசமான நாசில்ல புரொபெல்லருக்கும் வளையத்துக்கும் நடுவுல மயிரிழைதான் இருக்கும், வளையமும் உள்ளுக்கு வளைஞ்சு வந்து பின்னால மெலியும், அதுலதான் இழுவையே கூடும். இதுல எஞ்சுண்டுவிரல் நுழையுது.

ஹல்லத்தான் தூத்துக்குடியில பைபர் வள்ளம் கட்டுற அப்பாவோட பழைய சேக்காளிகிட்ட கொண்டு போனேன். அவுக பாத்துக்கூட இல்ல, விரல் முட்டியால ரெண்டு தட்டு தட்டுனாவ, அடியில ஒரு சத்தம், மூக்குல ஒரு சத்தம். 'பைபர் மேட்டு (கண்ணாடி நார் விரிப்பு) ஒத்த லேயருதான் தம்பி, மூக்குல மேட்டே இல்ல, பூரா காருக்குப் பூசுற பட்டி, அத மறைக்கத்தான் உள்ள பெயின்ட்டு'ன்னாவ. பொளந்த இடத்துல பாத்தா வெள்ளையா மாவு மாதிரி உதிருது. அவுகளே உள்ள ரெண்டு லேயர் மேட்டு போட்டு ரெசின் அடிச்சுக் குடுத்தாவ, காசு வாங்கல. (ரெசின் இறுக ஊத்துற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரா ஒன்னாக் கலக்காதீங்க, தீப்பிடிக்கும், ரெசின்ல ஒன்ன நல்லாக் கலக்கிட்டுதான் இன்னொன்னு.)

இப்ப 775 பிரஷ்டு மோட்டார், ரிவர்ஸ் உள்ள பிரஷ்டு இஎஸ்சி, பழைய யுபிஎஸ்ல இருந்து எடுத்த 12 வோல்ட் 7 ஆம்ப்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி. அந்தப் பேட்டரி ரெண்டு கிலோவுக்கு மேல, பிளேனுக்கு ஆகாது, டக்குக்கு அதுவே பாரம், தனியா ஈயம் போட வேண்டாம். எல்லாம் சேத்து மூவாயிரம் கூட ஆகல.

யாருகிட்ட வாங்குனாலும் சரி, காசு அனுப்புறதுக்கு முன்னால ஒரே வீடியோ கேளுங்க: ரிமோட்டும் புரொபெல்லரும் ஒரே ஃப்ரேம்ல, மொதல்ல விரல எடுத்து நிக்கணும், பொறவு முன்னால, பொறவு பின்னால. வெட்டாம ஒரே ஓட்டமா. போட்டுக்காரனுக்கு அது அர நிமிச வேல. இவன்கிட்ட இப்ப கேட்டப்ப 'நேரமில்ல சார்'ன்னான், அப்புறம் பிளாக் பண்ணிட்டான். 1915ங்குற தேசிய நுகர்வோர் உதவி நம்பர்ல புகார் பதிஞ்சாச்சு, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டு, அந்த ரெண்டு ஸ்டிக்கர் போட்டோ எல்லாம் வச்சிருக்கேன். அஞ்சு லட்சம் வரைக்கும் நுகர்வோர் ஆணையத்துல பீஸ் கெடையாதாம், அடுத்து அங்கதான். பணம் இன்னும் வரல.

நேத்து எங்க மச்சான் நம்பர்ல இருந்து அந்தக் குரூப்ப பாத்தேன். அதே காம்போ, இப்ப விலை 15,500. கீழ 'ஹேப்பி கஸ்டமர்'னு ஒரு போட்டோ, தொட்டியில டக்கு மெதக்குது, பின்னால கொடியில பச்சத் துண்டு காயுது. அது எங்கப்பா துண்டு. அன்னைக்கு மோட்டார் சுத்தலன்னு நான் அவனுக்கு அனுப்புன போட்டோ.