யூ.எஸ்.பி போர்ட்டின் வலு: திரை சொல்வதா, மீற்றர் சொல்வதா?

புதுக்குடியிருப்பில் நாங்கள் நடத்தும் படப்பிரதிக் கடைக்குப் பழைய மடிக்கணினி ஒன்று தேவைப்பட்டது. அதன் போர்ட்டுகள் வெளி ஹார்ட் டிஸ்க்கைத் தாங்குமா என்று பார்க்க இரண்டு வழிகள் இருந்தன: கணினியின் கருவிகளைப் பட்டியலிட்டுக் காட்டும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜர், அல்லது போர்ட்டுக்கும் கருவிக்கும் நடுவே செருகும் யூ.எஸ்.பி மீற்றர். நான் மீற்றரை வாங்கினேன்.

டிவைஸ் மேனேஜருக்குச் செலவில்லை. அதில் ‘யூ.எஸ்.பி ரூட் ஹப்’ என்று வரும், போர்ட்டுகள் சேரும் உள் இணைப்பின் பண்புகளில் (Properties) ‘பவர்’ பக்கம் இருந்தால், போர்ட்டுக்கு 500 மில்லி அம்பியர் என்றும், செருகிய கருவி கேட்பது எவ்வளவு என்றும் காட்டும். யூ.எஸ்.பி 3 போர்ட்டுகளுக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் வருவதே இல்லை. வந்தாலும் அது அளந்த கணக்கு அல்ல, கருவி தானே எழுதிக் கொடுத்த விண்ணப்பம். 100 கேட்டுவிட்டு 600 இழுக்கும் கருவியை அது காட்டிக்கொடுக்காது. மவுஸ், பென் டிரைவ் போன்றவற்றுக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம்.

மீற்றரில் நான் அம்பியரை விட வோல்ட்டைத்தான் பார்ப்பேன். யூ.எஸ்.பி 2 போர்ட் 500, யூ.எஸ்.பி 3 போர்ட் 900 மில்லி அம்பியர் தர வேண்டும். ஆனால் இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் ஓர் அம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடும். சும்மா இருக்கும்போது எந்தப் போர்ட்டும் 5 வோல்ட்டை ஒட்டியே காட்டும். சுமை ஏறும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் குணம் தெரியும். 4.8இல் நின்றால் எனக்குக் கவலையில்லை. 4.5ஐ நெருங்கினால் டிஸ்க் ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டு மறுபடி மறுபடி தொடங்கப் பார்க்கும். நீட்டிப்பு வயர் போட்டால் மீற்றரை அதன் நுனியில் செருகுங்கள்; போர்ட்டிலேயே செருகினால் வயர் விழுங்கும் வோல்ட் தெரியாது.

மலிவு மீற்றரின் திரை மெதுவாக மாறும், கண நேர இறக்கத்தைத் தவறவிடும். டைப்-சி போர்ட்டுகளில் நான் அளந்தது குறைவு. அங்கே 3 அம்பியர் வரை தர இடமுண்டு என்பதால் இவ்வளவு இழுபறி இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு போர்ட்டைப் பலவாக்கும், தனி அடாப்டருள்ள ஹப் வாங்கினால் தீராதா என்பார்கள். மின்சாரம் இருக்கும்வரை தீரும். வன்னியில் மாரி மழைக்கு மின்சாரம் நின்றால் மடிக்கணினி பட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், ஹப்பின் அடாப்டர் செத்துவிடும், டிஸ்க் பாதிப் பிரதியில் கழன்றுபோகலாம். ஆகவே கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பழைய மடிக்கணினி பார்க்கப் போனால், டிஸ்க்கையும் மீற்றரையும் கையோடு கொண்டுபோங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒவ்வொரு போர்ட்டாக அளந்த பிறகு விலை பேசுங்கள்.