கிளாக்கோமாவுக்கு தினமும் சொட்டா, எஸ்எல்டி லேசரா: நான் ஏன் லேசர் பக்கம்

ஓப்பன் ஆங்கிள் கிளாக்கோமா, அதாவது கண்ணுல தண்ணி வடியுற கோணம் திறந்தே இருந்தும் பார்வை நரம்பு மெல்ல மெல்ல கெடுற நோய்னு உறுதியானதும் வர்ற முதல் கேள்வி இப்பல்லாம் இதுதான், தினமும் சொட்டு மருந்து போடுறீங்களா இல்ல எஸ்எல்டி (செலக்டிவ் லேசர் டிராபெக்குலோபிளாஸ்டி) லேசர் பண்ணிக்கிறீங்களா. நான் லேசர் எடுத்தேன், அதனால இது அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும், முன்னாடியே சொல்லிடுறேன்.

எதைக் காப்பாத்த இவ்ளோ பாடுன்னு முதல்ல பாத்துடலாம். வெளிச்சத்தைப் பிடிக்கிற வேலைய ராடு, கோன் செல்லுங்க பாத்துக்கும், ஆனா அந்தத் தகவலை விழித்திரையில இருந்து மூளைக்கு அனுப்புறது கேங்கிலியான் செல் மட்டும்தான். ஒரு கண்ணுக்கு சுமார் 10 லட்சம் இருக்கும், அதுங்களோட நீள வால் எல்லாம் ஒண்ணு சேர்ந்ததுதான் பார்வை நரம்பு. நரம்பு கண்ணை விட்டு வெளிய போற இடத்துல ஓட்டை ஓட்டையா ஒரு தடுப்பு இருக்கு, கண் பிரஷர் அதிகமானா அந்த வாலுங்க நசுங்குறது அங்கதான். செத்த செல் திரும்ப வராது. அதைவிட மோசம், பார்வைப் பரப்பை அளக்குற ஃபீல்டு டெஸ்ட்ல பார்வையில தெளிவா ஓட்டை தெரியிறதுக்குள்ள கால்வாசி செல்லு கூட போயிருக்கலாம், ஒரு கண்ணுல விழுற ஓட்டைய இன்னொரு கண்ணு மூடிடுறதால நமக்கு எதுவுமே தெரியாது. சொட்டும் சரி லேசரும் சரி, பிரஷரை இறக்குது, அவ்ளோதான். இன்னிக்கு தேதிக்கு நிரூபணமான வழியும் அது ஒண்ணுதான்.

இறக்குற அளவுல பெரிய வித்தியாசம் இல்ல. லட்டானோபிராஸ்ட் மாதிரி ராத்திரி ஒரு சொட்டு 25 முதல் 30 சதவீதம், எஸ்எல்டி 20 முதல் 30 சதவீதம். சொட்டோட பக்க விளைவு எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, கண் சிவக்கும், இமை முடி நீளமாகும், சிலருக்கு கருவிழி நிறம் அடர்த்தியாகும், டிமோலால்ங்கிற இன்னொரு சொட்டுன்னா ஆஸ்துமா இருக்கிறவங்க கிட்டயே போகக்கூடாது. மருந்து கெடாம இருக்க பாட்டில்ல கலக்குற பென்சல்கோனியம் குளோரைடுக்கு கண் மேற்பரப்பு காஞ்சு உறுத்துறதும் உண்டு.

என் முடிவைத் தீர்மானிச்சது இது எதுவும் இல்ல, பராமரிப்பு. சொட்டுங்கிறது வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு ராத்திரியும். தலையை அண்ணாந்து, கீழ் இமையை இழுத்துப் பிடிச்சு, பாட்டில் நுனி கண்ணுல படாம ஒரே ஒரு சொட்டு, அது பாதி நேரம் கன்னத்துல வழியும், விழுந்தா கூட கண்ணை மூடிக்கிட்டு மூக்கோரத்தை ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும், ரெண்டு மருந்து இருந்தா நடுவுல அஞ்சு நிமிஷம் காத்திருக்கணும். கை நடுங்குற வயசானவங்களுக்கு இது தினசரி போராட்டம். இவ்ளோ கஷ்டத்துக்கும் உடனே ஒரு பலனும் தெரியாது, போட்டாலும் அதே பார்வை, விட்டாலும் அதே பார்வை. வலியே இல்லாத நோய்க்கு எரியுற மருந்து, விட்டுப்போகாம எப்படி இருக்கும்?

இதுல யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல் இருக்கு. செக்கப் நெருங்குற வாரத்துல எல்லாரும் ஒழுங்கா போட்டுடுறாங்க, அன்னிக்கு பிரஷர் நல்லா இருக்கும், டாக்டரும் சரின்னு சொல்லி அனுப்பிடுவாரு. ஆனா நடுவுல போடாம விட்ட ராத்திரியெல்லாம் பிரஷர் ஏறித்தான் இருந்திருக்கும், செல்லுக்கு செக்கப் தேதி தெரியாதில்ல. அப்புறம் விழித்திரையை அடுக்கடுக்கா படம் பிடிக்கிற ஓசிடி ஸ்கேன்ல நரம்பிழை அடுக்கு மெலிஞ்சிருக்கும், பிரஷர் சரியா இருந்தும் மெலியுதேன்னு ரெண்டாவது மருந்து சேரும், முதல்தையே போடாதவர் ரெண்டாவதை எங்க போடப்போறாரு. லேசர்ல நம்ம ஞாபகசக்திக்கு வேலையே இல்ல, நீங்க தூங்கினாலும் அது வேலை பாக்கும்.

லேசர் அனுபவம் சப்புனு இருந்துச்சு. மரத்துப்போக ஒரு சொட்டு, கண்ணு மேல ஜெல் வச்ச ஒரு லென்ஸ், தாடையை ஸ்டாண்டுல வச்சா பச்சை வெளிச்சம் டிக் டிக்னு சுமார் நூறு தடவை, சில நிமிஷத்துல முடிஞ்சுது. கண்ணுக்குள்ள தண்ணி வடியுற வலைப்பின்னல்ல நிறமி இருக்கிற செல்லை மட்டும் அது தட்டி எழுப்புது, சிங்க் அடைப்பை எடுத்துவிட்ட மாதிரி வடிகால் சீராகும். பிரஷர் திடீர்னு ஏறலையான்னு கொஞ்ச நேரம் உக்கார வச்சு பாத்துட்டு அனுப்பினாங்க. அன்னிக்கு மங்கலா இருந்துச்சு, லேசா உறுத்தல். பலன் தெரிய ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும், அதுதான் பொறுமையை சோதிக்கும்.

இது என் ஒருத்தன் அனுபவம் மட்டும் இல்ல. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரி டாக்டருங்க முன்ன நின்னு 718 பேரை சொட்டு, லேசர்னு ரெண்டு பக்கமா பிரிச்சு நடத்துன லைட் (LiGHT) ஆய்வு 2019ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. லேசர்ல ஆரம்பிச்சவங்கள்ல 74 சதவீதம் பேர் 3 வருஷம் கழிச்சும் சொட்டே இல்லாம இலக்கு பிரஷர்ல இருந்தாங்க, பின்னாடி வந்த 6 வருஷ கணக்குல அது 70 சதவீதம். 6 வருஷத்துல நோய் முத்தினது சொட்டுப் பக்கம் 26.8 சதவீத கண்ணுல, லேசர் பக்கம் 19.6. கண்ணுல புது வடிகால் வழி போடுற டிராபெக்குலெக்டமி ஆபரேஷன் வரைக்கும் போனது சொட்டுப் பக்கம் 32 கண்ணு, லேசர் பக்கம் 13. பிரிட்டன்ல சிகிச்சை வழிகாட்டுதல் தர்ற நைஸ் அமைப்பு 2022ல முதல் சிகிச்சையாவே எஸ்எல்டியை சொல்லிடுச்சு.

சொட்டுக்கும் நியாயமா ஒரு வார்த்தை. பிரஷர் ரொம்ப ஏறி உடனே இறக்கணும்னா லேசருக்கு காத்திருக்க முடியாது. வடிகால் கோணம் மூடியிருக்கிறவங்களுக்கும், கண்ணுக்குள்ள அழற்சி வந்து அதனால கிளாக்கோமா ஆனவங்களுக்கும் எஸ்எல்டி சரிப்படாது. சிலருக்கு லேசர் எடுபடவே எடுபடாது, எடுபட்டாலும் சில வருஷத்துல மங்கும், திரும்பப் பண்ணலாம், எனக்கு அந்தக் கட்டம் இன்னும் வரலங்கிறதால ரெண்டாவது தடவை எப்படி இருக்கும்னு அனுபவமா பேச மாட்டேன். லேசர் முடிஞ்சுதுன்னு செக்கப்பை விட்டுடுறவங்க இருக்காங்க, அது சொட்டை விடுறதை விட மோசம். எனக்கு மங்கினா மறுபடி லேசர்தான் கேப்பேன், அதுக்கும் பிரஷர் இறங்கலைன்னா கூட ராத்திரி ஒரு சொட்டு சேத்துக்கலாம், ரெண்டும் ஒண்ணா இருக்கிறதுல ஒரு தப்பும் இல்ல.